குலசேகரம் டாக்சி

கொட்டாரம்,
ஐப்பசி 18

மக்கா,

மூன்று வாட்ஸ்அப்புக்கும் பதில் போடாதவன் கடிதமே எழுதுகிறான் என்றால் கடன் கேட்கத்தான் என்று நினைத்திருப்பாய். பயப்படாதே. முட்டுவலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். தாடி வாத்தியார் இன்னும் உன் கணக்கு நோட்டைத்தான் விசாரிக்கிறார்.

விஷயம் சின்னவளைப் பற்றி. டெக்சாஸில் ஐசியூவில் வேலை பார்த்தவள், அடுத்த மாதம் முதல் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸில் நர்ஸாம். அவள் அம்மா தெருவெல்லாம் லட்டு கொடுத்தாயிற்று. நான் ராத்திரி ராத்திரியாக விபத்து அறிக்கை படித்துக்கொண்டிருக்கிறேன்.

1983 முதல் 2005 ஏப்ரல் வரை அமெரிக்காவில் இந்த மாதிரி 182 விபத்து, 184 சாவு. வெளிச்சத்தில் நூறு விழுந்தால் 24-ல் உயிர் போயிருக்கிறது. இருட்டில் 56. வெளியே ஒன்றும் தெரியாத வானிலையில் 77.

கேதார்நாத்தில் 2025 மே மாதம் ரிஷிகேஷ் எய்ம்ஸ் ஹெலிகாப்டர் வால் முறிந்து விழுந்தும் எல்லோரும் பிழைத்தார்களே என்பாய். அதன் பெயர் சஞ்சீவனி, தெரியுமா? அனுமாரே கைதவறி ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போனதுதானே நம்ம மருந்துவாழ் மலை! எழுத உட்கார்ந்தபோது முழு மலையும் ஜன்னலில் தெரிந்தது. இப்போது மேகம் மூடிப் பாதிக்கு மேல் காணோம். அவ்வளவு நேரம்தான் ஆகிறது.

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. மேகம் சரியில்லை என்று ஒரு கம்பெனி பைலட் மறுத்தால், அதைச் சொல்லாமலே அடுத்த கம்பெனியைக் கூப்பிடுகிற பழக்கம் அங்கே இருந்திருக்கிறது. 'ஹெலிகாப்டர் ஷாப்பிங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி நாம் செய்தது என்னவாம்? குலசேகரத்தில் முதல் டாக்சிக்காரர் "தண்ணி ஏறிரும், வரமாட்டேன்" என்றார். நீ அவர் சட்டையைப் பிடித்தாய். அவர் மறுத்ததை மறைத்துத்தான் இரண்டாவது ஆளைக் கூட்டிவந்தோம். கலுங்குக்கிட்டே தண்ணீர் பம்பரைத் தொட்டு வண்டி நின்றதும் அவர் திரும்பி, "தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தியளா?" என்று கேட்டார். அப்பா பிழைத்துவிட்டார், அதனால் இன்றுவரை அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

இவள் போகிற இடத்தில் நோயாளி குழந்தையா கிழவனா என்று பைலட்டிடம் சொல்லவே மாட்டார்களாம். இரக்கம் வந்தால் மேகம் கண்ணுக்குத் தெரியாது போல. ஏறுகிறவர்களில் யாராவது ஒருவர் வேண்டாம் என்றாலும் கிளம்பாதாம். "நீ சொல்லுவியா?" என்றேன். "சொல்வேம்பா" என்றாள். யார்? பிளஸ் டூவில் டியூஷன் பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாமல் இரண்டு மாதம் அழுதுகொண்டே போன பிள்ளை!

சரி, உன்னிடம் ஒரு வேலை. விமானப்படையில் இருபது வருஷம் ஹெலிகாப்டருக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நீ. 2015 ஜூலையில் கொலராடோவில் விழுந்த ஒன்றில் டேங்க்கிலிருந்து எரிபொருள் கசிந்து பற்றிக்கொண்டது. பைலட் போய்விட்டார். உள்ளே இரண்டு நர்ஸ்கள்; ஒருவருக்கு உடம்பெல்லாம் தீக்காயம். மோதினாலும் கசியாத டேங்க் வேண்டும் என்று 1994-லேயே விதி வந்தாயிற்று. ஆனால் அது புது மாடலுக்கு மட்டும். பழைய மாடலைப் புதிதாகச் செய்து விற்றால் கேட்பாரில்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு செய்பவற்றுக்குத்தான் எல்லாவற்றுக்கும் கட்டாயமாம்.

இவள் ஏறப்போவது எந்த வருஷத்து வண்டி என்று கேட்டால், "வெள்ளையும் சிவப்பும், அழகா இருக்குப்பா" என்கிறாள். போட்டோவைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். வாலில் ஒரு நம்பர் தெரிகிறது. அதை வைத்து வருஷத்தையும் டேங்க்கையும் கண்டுபிடிக்க முடியுமா பார். எதுவானாலும் என் போனுக்குக் கூப்பிடு. வீட்டு லைனில் அவள் அம்மாதான் எடுப்பாள்.

உன்,
ஓணான்