நந்தியாவட்டைப் புழுவுக்கு மருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்டப் பக்கத்தில், நந்தியாவட்டையை மொட்டையடிக்கும் பச்சைப் புழுவுக்குப் பூச்சிமருந்து அடிக்கச் சொல்லியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த யோசனையைத் திரும்பப் பெறுங்கள். அது அரளி அந்துப்பூச்சியின் புழு. பெங்களூரில் அந்தி சாயும் நேரத்தில் மல்லிகைப் பந்தலருகே அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் பச்சைப் பூச்சி இதுதான். சிறகை விரித்தால் சுமார் 10 செ.மீ. இருக்கும்.

தாய்ப்பூச்சி இளந்தளிர்களில் வெளிர்பச்சை முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். பொரித்து வரும் புழு மஞ்சளாக இருக்கும், வாலில் நீண்ட கறுப்புக் கொம்பு. பிறகு பச்சையாகி 7, 8 செ.மீ. வரை வளரும். கொம்பு குட்டையாகி ஆரஞ்சு நிறம் பெறும். சீண்டினால் தலையை உள்ளிழுத்து முன்னுடலை உப்ப வைக்கும். அப்போது நீலமும் வெள்ளையுமாக இரண்டு பொய்க் கண்கள் விழித்துக்கொண்டு நிற்கும். பார்த்தவர் பயப்படுவது அதற்காகத்தான். அது கடிக்காது, கொட்டாது, அரிக்கவும் செய்யாது. இலைக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் செடிக்குக் கீழே பாருங்கள்: மிளகளவு கரிய எச்சம் கிடக்கும்.

மருந்தைவிடப் பெரிய ஆபத்து நம் துடைப்பம். முழுதாக வளர்ந்த புழு பழுப்பாகி, செடியை விட்டு இறங்கிச் சருகையும் பொலபொலப்பான மேல்மண்ணையும் தேடும். கூட்டுப்புழுவாவது அங்கேதான். பல அடுக்குமாடிகளில் செடியின் தூர்வரை டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். கொஞ்சநஞ்சச் சருகையும் தினமும் கூட்டி எரித்துவிடுகிறார்கள். புழுவைக் காப்பாற்றினாலும் பூச்சி வராமல் போவதற்கு இதுவே காரணம்.

செடியைச் சுற்றி இரண்டடிக்கு 3 அங்குலம் சருகு விட்டால் போதும். சுமார் இரண்டு வாரத்தில் பூச்சி வெளிவரும். வந்ததும் எதையாவது பற்றி ஏறித் தொங்கினால்தான் சிறகு விரியும். பிள்ளைகள் வழவழப்பான பாட்டிலில் அடைத்து வைக்கும் கூட்டுப்புழுக்கள் சிறகு சுருங்கிப் போவது அதனால்தான். உள்ளே ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள், மண்ணைச் சொதசொதவென்று நனைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

இலை போன நந்தியாவட்டை தண்ணீர் ஊற்றிவந்தால் மறுபடி துளிர்த்துவிடும். சின்னத் தொட்டிச் செடி தாங்காது என்று தோன்றினால், புழு இருக்கும் கிளையோடு வெட்டிப் பெரிய செடியில் செருகிவிடுங்கள். வெட்டும் செடி அரளியானால் கையை நன்றாகக் கழுவுங்கள், அதன் சாறு நஞ்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு