கோழிக்கு எதற்கு இரண்டாவது வீடு?

நியூகாசில், இங்கிலாந்து
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். தம்பிதான் இதை உனக்கு வாசித்துக் காட்டுவான். டேய், நடுவில் எதையும் விழுங்காமல் வாசி. உன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கோழிக்கு இரண்டாவது கூடு அடித்திருக்கிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னதும் சிரித்தாயே, "மனிதருக்கே ஒரு வீடு வாய்க்கவில்லை, கோழிக்கு இரண்டா?" என்று. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பழைய கூட்டில் நான்கு கோழிகள் இருப்பது உனக்குத் தெரியும். இப்போது மூன்று புதிதாக வந்திருக்கின்றன. இங்கே முட்டைப் பண்ணைகளில் ஒன்றரை வயதைத் தொட்ட கோழியைப் பெரும்பாலும் வைத்திருக்க மாட்டார்கள். முட்டை குறையும் என்று கசாப்புக்கு அனுப்பிவிடுவார்கள். அவற்றில் சிலவற்றைத் தொண்டு அமைப்புகள் வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கின்றன. அப்படி வந்தவைதான் இவை. பார்த்தால் நீ அழுதுவிடுவாய். ஒன்றுக்குக் கழுத்தில் ஒரு இறகு கூட இல்லை. கொண்டை வெளிறி, வாடிய வெற்றிலை போல ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. மண்ணில் கால் வைத்ததும் காலைத் தூக்கித் தூக்கிப் பார்க்கின்றன. முதல் நாள் மழை பெய்தபோது மூன்றும் அப்படியே நனைந்துகொண்டு நின்றன. ஓடி ஒதுங்க வேண்டும் என்றே தெரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டேன்.

இவற்றைப் பழைய கூட்டில் நேராக விட்டுவிட முடியாது. போன வருடம் அந்தத் தப்பைச் செய்தேன். புதிதாக வாங்கிய ஒரு விடைக்கோழியைப் பகலிலேயே உள்ளே விட்டேன். நான்கும் சேர்ந்து அதன் தலையைக் கொத்திப் புண்ணாக்கிவிட்டன. இரத்தத்தைப் பார்த்துவிட்டால் அவை நிறுத்துவதில்லை என்பது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒரு வாரம் குளியலறையில் வைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க உன் பேத்தி மாப்பிள்ளை மருத்துவமனையில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். காயம் ஆறிய கையோடு அதை நரி கொண்டுபோனது. கதவைச் சாத்த மறந்தது நான்தான்.

அதனால் இந்த முறை தனிக் கூடு. நாலடி நீளம், மூன்றடி அகலம். எலி அடியில் குடியேறாமலிருக்கத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தியிருக்கிறேன். கோழிவலை என்று கடையில் விற்கும் மெல்லிய கம்பி வலை நரியின் பல்லுக்கு நிற்காது. அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பி வலைதான் வேண்டும். அதையும் சுவரோடு நிறுத்தாமல், வெளிப்பக்கம் ஒன்றரை அடி தரையில் பரப்பி மேலே கல் வைத்திருக்கிறேன். நரி சுவரோரமாகத்தான் தோண்டும்; வலை தட்டினால் விட்டுவிடும். அமரும் கட்டை உருட்டாக இல்லை, அகலமான சட்டம். உறைபனிக் காலத்தில் கோழி அதில் அமர்ந்து தன் வயிற்றால் விரல்களை மூடிக்கொள்ளும். குளிர் என்று ஓட்டையெல்லாம் அடைத்தாலும் ஆபத்து. மூச்சின் ஈரம் உள்ளேயே நின்று கொண்டை உறைந்துபோகும். மேலே காற்று போக வழி விட்டிருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பந்தயப் புறா வளர்த்தவர். கூட்டை 'க்ரீ' என்பார். என்னை 'பெட்' என்று கூப்பிடுவார். முதலில் என்னை நாய்க்குட்டி என்கிறாரோ என்று நினைத்தேன். இங்கே எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நம் ஊரில் 'தாயி' என்பதுபோல.

உனக்கு ஒரு செய்தி. நம் கோழிகளை ஒரே சித்திரையில் வாரிக்கொண்டு போன வெள்ளைக்கழிச்சல் இருக்கிறதே, கால்நடை மருத்துவர் ராணிக்கேட் என்று சொல்வாரே, அதற்கு உலகமெல்லாம் நான் இருக்கும் இந்த ஊரின் பெயர்தான்: நியூகாசில் நோய். 1926-இல் இந்தப் பக்கத்தில் கண்டதால் அந்தப் பெயர். உன் பதினெட்டுக் கோழிகளைக் கொன்றதன் பெயருள்ள ஊரில் உட்கார்ந்து நான் கோழி வளர்க்கிறேன்.

இங்கே ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசாங்கத்தில் பதிய வேண்டும், 2024 அக்டோபரிலிருந்து. பறவைக் காய்ச்சல் பரவினால் அடைத்து வை என்று ஆணை வரும். இன்னொன்றைக் கேட்டால் நீ நம்ப மாட்டாய். நம் அடுப்படியில் மிஞ்சிய சோற்றைக் கோழிக்குப் போடுவது இங்கே சட்டப்படி குற்றம். முட்டை, பால், இறைச்சி எதுவுமே நுழையாத சமையலறை என்றால்தான் விலக்கு. காரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2001-இல் நாட்டையே உலுக்கிய கோமாரி, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் ஹெட்டன் என்ற ஊரின் பன்றிப் பண்ணையில் தொடங்கியதாகக் கண்டுபிடித்தார்கள். வேகவைக்காத எச்சில் தீனியால் வந்தது என்றார்கள். 60 லட்சத்துக்கும் மேல் ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்று போட்டார்கள். ஆகவே பழைய சோற்றைக் குப்பையில் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் உன் முகம் நினைவுக்கு வருகிறது. தோட்டத்தில் பறித்த கீரையை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் நேராகக் கூட்டில் போடுகிறேன்.

புதுக் கூட்டைப் பழைய கூட்டிலிருந்து தள்ளி வைத்திருந்தேன், நோய் எதுவும் ஒட்டியிருந்தால் தெரியட்டும் என்று. மூன்று வாரம் ஆகிவிட்டது. தும்மல் இல்லை, கழிச்சல் இல்லை. நேற்றுத்தான் இரண்டையும் ஒட்டி வைத்தேன். நடுவே வலை மட்டும். பார்க்கலாம், கொத்த முடியாது. பழைய கோழிகளில் தலைவியாக இருப்பவள் வலையோரம் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தாள். பிறகு சலித்துப்போய் மண்ணைக் கிளறப் போய்விட்டாள்.

வலைக்கு இந்தப் பக்கம் அந்தக் கழுத்தில் இறகில்லாதவள் நிற்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. சந்தையில் வாங்கிய கோழியை நீ பஞ்சாரத்தில் மூடி முற்றத்து நடுவில் வைப்பாயே! மற்றவை சுற்றிச் சுற்றி வந்து இடுக்கு வழியாகப் பார்க்கும். ஒரு நாள் விடியுமுன் பஞ்சாரத்தைத் தூக்குவாய். ஒரு சண்டையும் இருக்காது. நான் பலகையும் வலையும் வாங்கி, இரண்டு விரலில் சுத்தியால் அடித்துக்கொண்டு கட்டியது உன் பஞ்சாரத்தைத்தான்.

எனக்கு நாள் கணக்குத்தான் மறந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தாத்தா இரண்டு வாரம் என்கிறார். நீ எத்தனை நாள் மூடி வைப்பாய்? காலில் துணி கட்டுவாயே, அது அடையாளத்துக்கா, வேறு எதற்காவதா? தம்பியிடம் சொல்லி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் அனுப்பு. அதுவரை வலையை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அன்புப் பேத்தி