பாதை தெரிந்தால் போதாது

ஆசிரியருக்கு,

அமெரிக்க தேசியக் காடுகளில் ஏடிவி (கரடுமுரடான பாதைக்கான சிறு நான்கு சக்கர வண்டி) ஓட்டுவது பற்றிய உங்கள் பயணக் குறிப்பில் முக்கியமான ஒன்று விடுபட்டுவிட்டது. அங்கே பாதை கண்ணில் படுகிறது என்பதற்காக அதில் வண்டியை விட்டுவிட முடியாது. 2005-இல் வந்த விதிப்படி, அந்தந்தக் காட்டுக்கான மோட்டார் வாகன வரைபடத்தில் குறித்த பாதைகளுக்கு மட்டுமே அனுமதி. 'தடுப்பு இல்லையே, பலகை இல்லையே' என்ற சாக்கு எடுபடாது.

வரைபடம் இலவசம், ரேஞ்சர் அலுவலகத்திலேயே கிடைக்கும். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில், மேடு பள்ளம் எதுவும் காட்டாமல் மொட்டையாக இருக்கும். உயரக்கோடுகள் உள்ள இன்னொரு வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். பலர் சறுக்குவது ஓரத்து அட்டவணையில். எந்த எண் பாதை, எந்த வண்டிக்கு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. வண்டியின் அகலம் '50 அங்குலமும் அதற்குக் குறைவும்' என்று போட்ட பாதைக்கு, 64 அங்குல அகலமுள்ள சைடு-பை-சைடு வண்டியை (இருவர் அருகருகே உட்காரும் வகை) ட்ரெய்லரில் ஏற்றிப் போனால், இறக்காமலே திரும்ப வேண்டியதுதான்.

பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, மீதி கையிருப்பு. மணலும் ஏற்றமும் கணக்கைக் கவிழ்த்துவிடும்.

சைலன்சரில் உள்ள தீப்பொறித் தடுப்பு வலையில் கரி அடைத்தால் இழுவை குறையும். உடனே வலையையே கழற்றிவிடுகிறார்கள் சிலர். கம்பித் தூரிகையால் தேய்த்தால் போதும். வலை இல்லாத வண்டி காய்ந்த புல்லுக்குக் கொள்ளி.

— ஒரு வாசகர், டென்வர்