வெளி வயரிங், எர்த்திங் சரிபார்ப்பு: ஞாயிறு காலை 9 மணி

அனைவருக்கும் வணக்கம். பருவமழைக்கு முன் வெளி வயரிங்கைப் பார்க்க ஞாயிறு காலை எலக்ட்ரீசியன் வருகிறார். மதியம் வரை பொது மின்சாரமும் மோட்டாரும் ஓடாது, தண்ணீர் பிடித்து வையுங்கள்.

கேட் பக்கத்து விளக்குக் கம்பத்தில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது. அடி மூடியைத் திறந்தால் எர்த் போல்ட் துருப்பிடித்து, கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் பச்சை எர்த் வயர் தனியாகத் தொங்குகிறது. கம்பத்தில் இப்போதே கரண்ட் கசிகிறது, மழையில் இன்னும் கூடும். அந்த லைனின் எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) அணைத்துவிட்டோம், யாரும் போட வேண்டாம். பிள்ளைகள் அதில் சைக்கிளைச் சாய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் ரூம் எர்த் குழியும் (எர்த் பைப் புதைத்திருக்கும் குழி) காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது; பைப்போடு எர்த் வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அரித்திருந்தால் குழி ஈரமாக இருந்தும் பயனில்லை. கிளாம்பை மாற்றி, எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குக் கீழ் வருகிறதா என்று எர்த் டெஸ்டரில் அளக்கச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில் கரண்ட் இருக்கும்போது ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். சுவிட்ச் உடனே விழுந்து கரண்ட் நிற்க வேண்டும், விழாவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று தயவுசெய்து பைபாஸ் செய்யாதீர்கள், பெரும்பாலும் கசிவு இருப்பதால்தான் விழுகிறது.

மொட்டை மாடிக்கோ கார் நிறுத்துமிடத்துக்கோ தனி லைன் இழுத்திருப்பவர்கள் சனிக்கிழமைக்குள் இங்கே சொல்லுங்கள், அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.