வாடகைப்படியில் வராத கணக்கு

நாகர்கோவில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. சென்னையிலிருந்து இங்கே மாறுதல் கேட்கலாம், ஆனால் மத்திய அரசு ஊழியனுக்குக் கிடைக்கும் வீட்டு வாடகைப்படி 30 சதவீதத்திலிருந்து 10 ஆக இறங்கிவிடுமே என்று புலம்பியிருக்கிறாய். உண்மைதான். இந்தப் படிக்காக ஊர்களை மூன்றாகப் பிரித்ததில் சென்னை எக்ஸ் பிரிவு, மதுரையும் கோவையும் ஒய், நாங்கள் கடைசி இசட். அடிப்படைச் சம்பளம் 60,000 என்றால் 18,000 வாங்கும் இடத்தில் 6,000. போக்குவரத்துப் படியும் பாதியாகும்.

செலவையும் பார். மடிப்பாக்கத்தில் நீ கொடுப்பது 22,000. பராமரிப்புக் கட்டணம் தனி. வடசேரியில் நான் கொடுப்பது 9,000. படி போகக் கைக்காசு உனக்கு 4,000, எனக்கு 3,000. அரசாங்கம் ஏறக்குறையச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது! முன்பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், வீட்டு வாடகைக்கு மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். உன் வீட்டுக்காரர் பத்து மாதம் வாங்கி வைத்திருக்கிறார்.

நீ கணக்கில் சேர்க்காதது உன் மனைவியின் சம்பளம். ஆடிட்டர் அலுவலகத்தில் அவர் 35,000 வாங்குகிறார். அதே வேலைக்கு இங்கே 15,000 கிடைத்தால் பெரிது. நமக்கு அடிப்படைச் சம்பளம் டெல்லியிலும் தோவாளையிலும் ஒன்றுதான். தனியார் முதலாளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் மொபைல் ரீசார்ஜும் மாத்திரை அட்டையும் எல்லா ஊரிலும் ஒரே விலை. மத்திய அரசு ஊழியன் என்றால் இங்கே வீடு கொடுக்கவும் பெண் கொடுக்கவும் யோசிக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் சம்பளம் குறைவு என்பதால் நமக்குக் கிடைக்கும் மரியாதை அது.

எம்.ஏ.யில் நாம் பாடமாகப் படித்த பொருளாதார அறிஞர் ஜெனிஃபர் ரோபாக் நினைவிருக்கிறாரா? 1982-இல் அவர் எழுதியது: வாழ இனிய ஊரென்றால் மக்கள் குறைந்த சம்பளத்துக்கும் கூடுதல் வாடகைக்கும் சம்மதித்து வருவார்கள். இங்கே மலை இருக்கிறது, இரண்டு பருவமழையும் பெய்கிறது. ஆனாலும் சம்பளம், வாடகை இரண்டுமே குறைவு. அவர் கணக்குப்படி, ஊரில் குறையில்லை. தொழில் நடத்துபவர்களுக்கு இங்கே வர ஆதாயம் போதவில்லை. பெரிய வைத்தியம் என்றால் நாங்கள் திருவனந்தபுரத்துக்கு ஓடுவதும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆகவே விண்ணப்பம் கொடுக்குமுன் உன் மனைவியை அவர் அலுவலகத்தில் பேசச் சொல். வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டால் சென்னைச் சம்பளம், வடசேரி வாடகை. மறுயோசனை வேண்டாம், கிளம்பி வா. இல்லையென்றால் மாதம் 20,000 போகும். எங்கள் தெருவில் ஆனி மாதம் ஒரு வீடு காலியாகிறது, பேசி வைக்கட்டுமா?

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்