அன்றைக்கு நியூபோர்ட்டில் மைக்செட் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் வாழ்க்கையை வைத்து எடுத்த ‘எ கம்ப்ளீட் அன்நோன்’ படத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் மூன்று வாரமாக வாசகர் கடிதங்கள் வருகின்றன. ஒருவர் படத்தில் எத்தனை தப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் கதாநாயகப் பையனின் முகத்தைத் தாண்டி எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. மூன்றாமவர், 1965-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், அதுவரை சாதா கிடாரோடு பாடிவந்த டிலன் மின்சார கிடாரைத் தூக்கியதும் கூச்சல் போட்டவர்கள் எல்லாம் பழம்பஞ்சாங்கங்கள், புதுசு எதுவும் பிடிக்காதவர்கள் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். நான் பதில் எழுத உட்கார்ந்தது இந்த மூன்றாமவருக்கு. காரைக்குடி வட்டாரத்தில் முப்பத்தைந்து வருஷம் மைக்செட் போட்டவன் நான். மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து கூச்சலைக் கேட்டவன் என்பதால் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

மைக்செட்காரனுக்கு டிலன் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து விற்கும்போது தூண், நிலைக்கதவு, பீங்கான் சாடி, எனாமல் தூக்கு எல்லாம் அங்கேதான் வந்து சேரும், அவற்றோடு பினாங்கு, சிங்கப்பூர் போய்வந்தவர்கள் கொண்டுவந்த இசைத்தட்டுகளும் வரும். 1987 வாக்கில் கல்யாண வீட்டில் போட நாதஸ்வர ரெக்கார்டு தேடிப் போனவன், பனி கிடக்கிற தெருவில் ஒரு பையனும் பெண்ணும் ஒட்டிக்கொண்டு நடந்துவருகிற அட்டையைப் பார்த்துவிட்டு, படத்துக்காகவே பதினைந்து ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். போட்டால் ஆள் மூக்கால் பாடுகிறான். ஒரு வரி புரியவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து விழுந்தது, ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. எங்கள் தொழிலில் ஒரு பாடகரிடம் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. எதிர்வீட்டு ஆங்கில வாத்தியார்தான் அப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் சொன்னார், காபிக்கு ஈடாக.

அந்த அட்டையில் இருந்த பெண் டிலனின் அப்போதைய காதலி சூஸ் ரொடோலோ. படத்தில் அவர் பெயரை சில்வி ருஸோ என்று மாற்றியிருக்கிறார்கள், டிலனே அப்படிக் கேட்டுக்கொண்டாராம். இதை ஒரு குற்றம் என்று உங்கள் முதல் கடிதக்காரர் எழுதியிருந்தார். எனக்கு அதில் கோபம் இல்லை. எங்கள் பக்கம் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நாரதரும் வள்ளியும் தர்க்கம் என்று ஆரம்பித்தால் ரேஷன் கடைச் சர்க்கரையிலிருந்து எம்.எல்.ஏ. வரைக்கும் வந்துபோகும், புராணத்தில் இது இருக்கிறதா என்று யாரும் எழுந்து கேட்டதில்லை. டிலனும் லேசுப்பட்டவர் இல்லை. தன்னாக நடிக்கும் பையன் அப்படியே தன்னைப் போல இருப்பான், இல்லாவிட்டால் இளவயசுத் தன்னைப் போல, அதுவும் இல்லையென்றால் வேறு ஏதோ ஒரு தன்னைப் போல என்கிற பொருளில் படம் வருவதற்கு முன்பே ஒரு பதிவு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அப்படிப்பட்ட கல்லுளிமங்கனின் கதையில் யார் போய்த் தப்புக் கண்டுபிடிப்பது?

ஆனால் ஒரு மாற்றம் மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. படத்தில் நியூபோர்ட் கூட்டத்திலிருந்து ஒருவன் ‘யூதாஸ்’, அதாவது துரோகி என்று கத்துகிறான் அல்லவா, அது நியூபோர்ட்டில் நடந்ததே இல்லை. அது 1966 மே 17, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து அரங்கம். அந்தச் சுற்றுப்பயணத்தில் டிலன் முன்பாதியைத் தனியாக, சாதா கிடாரோடு பாடுவார், பின்பாதியில் பேண்டு வரும். வருகிறவர்களுக்கு அது முன்கூட்டியே தெரியும், கத்துவதற்கென்றே டிக்கெட் வாங்கினவர்களும் அதில் உண்டு. நியூபோர்ட் அப்படி இல்லை. அது 1965 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. என்ன வரப்போகிறது என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. மான்செஸ்டர் வசவைத் தூக்கி நியூபோர்ட்காரன் வாயில் வைத்தால், நியூபோர்ட்டில் கத்தினவன் எல்லாம் கொள்கைக்காகக் கத்தினவன் ஆகிவிடுகிறான். அங்கேதான் கதை தடம் மாறுகிறது.

சரி, மின்சாரம்தான் பிரச்சினையா? அதே விழாவில் பட்டர்ஃபீல்டு ப்ளூஸ் பேண்டு மின்சார கிடாரோடு தனியாக வாசித்தது, அதற்குக் கூட்டத்தில் யாரும் கலவரம் பண்ணவில்லை. டிலனுக்குப் பின்னால் நின்று வாசித்தவர்களிலும் பாதிப் பேர் அதே பேண்டு ஆட்கள். விழாவுக்கே பெரியவர் மாதிரி இருந்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர், கோடாரி கிடைத்தால் ஒயரை வெட்டியிருப்பேன் என்று சொன்னதாக ஒரு கதை உலகம் பூராவும் சுற்றுகிறது. படத்தில்கூட அவர் கண் கோடாரி மேல் போகிறது, மனைவி தோஷி பார்வையாலேயே நிறுத்திவிடுகிறார். (அந்த அம்மா படம் முழுக்க நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் அவர்தான்.) ஆனால் பீட் சீகர் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னது வேறு. மின்சாரத்தின் மேல் தனக்குப் பகை இல்லை, சத்தம் சிதறி ஒரு வார்த்தை காதில் விழவில்லை, அதற்குத்தான் கோபம் என்றார். அவர் அப்புறமாகச் சமாளிக்கிறார் என்று டிலன் ரசிகர்கள் சிரிப்பார்கள். நான் நம்புகிறேன்.

ஏன் நம்புகிறேன் என்றால், அன்றைக்கு மேடையில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு நாளாகச் சாதா கிடார், பாஞ்சோ, தனிக்குரல் இவற்றுக்காக வைத்திருந்த மைக்கும் ஸ்பீக்கரும். அதன் நடுவே டிரம்ஸ், ஆர்கன், இரண்டு மின்சார கிடார், பேஸ் கிடார். கிடாருக்கென்று மேடையிலேயே தனித்தனி ஆம்ப்ளிஃபயர் பெட்டி, அது நேராக முன்வரிசைக்காரன் நெஞ்சில் மோதும். குரல் மட்டும்தான் பக்கத்து ஸ்பீக்கர் வழியாகப் போகணும். முன்னால் உட்கார்ந்தவனுக்கு கிடார்தான் கேட்கும், பாட்டு கேட்காது. கொஞ்சம் தள்ளிப் போனால் கேட்கலாம். அதனால்தான் அந்த ராத்திரியைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஒருவர்கூடப் பொய் சொல்லாமலே. மேடைக்குப் பின்னாலிருந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள், சவுண்ட் மேசையில் இருந்தவர்கள் முடியாது என்றார்கள் என்று விழாவின் மேடை ஏற்பாடுகளைக் கவனித்த ஜோ பாய்ட் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காக்காரரை அல்ல, எந்தத் திருவிழாவிலும் விழாக் கமிட்டியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ‘கொஞ்சம் குறைங்கப்பா’ என்று வருவாரே, அவரை.

ரெக்கார்டிங் இருக்கிறதே, அதில் குரல் தெளிவாகத்தானே கேட்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு தம்பி மடக்கினார். தம்பி, அது மைக்கிலிருந்து ஒயர் வழியாக டேப்புக்குப் போனது. ஜனங்களின் காதுக்குப் போனது வேறு. கோவில் திருவிழாவில் நான் பதிவு செய்த கேசட்டுகள் வீட்டில் இருக்கின்றன, கேட்டால் சங்கீத சபா மாதிரி இருக்கும். அன்றைக்குப் பொட்டலில் உட்கார்ந்து கேட்டவனைப் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு டிலன் பேண்டோடு பாடியது மூன்றே பாட்டு. அவருக்காகவே காத்திருந்த கூட்டம், மூன்று பாட்டில் ஆள் இறங்கிப் போனால் சும்மா இருக்குமா? கூப்பிட்டுத் திரும்ப வரவழைத்தார்கள், வந்து சாதா கிடாரில் இரண்டு பாடினார். கூச்சலில் ஒரு பங்கு ‘ஏன் போகிறாய்’ என்கிற கூச்சல்தான். கொள்கைக்காகக் கத்தினவர்களே இல்லை என்று நான் சொல்லவரவில்லை, இருந்திருப்பார்கள். எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதீர்கள் என்கிறேன்.

இப்போது நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. 1993, மாசி மாதம், காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பெயர் வேண்டாம். அந்த ஊரில் வருஷா வருஷம் ஆர்மோனியம், மிருதங்கத்தோடு நாடகம்தான். அந்த முறை இளவட்டங்கள் காசு சேர்த்து நாட்டுப்புறப் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள், கீபோர்டு, ரிதம் பேடு எல்லாம் உண்டு. பாடியது இருபது வயசுப் பெண், நல்ல எட்டுக்கட்டைத் தொண்டை. முதல் பாட்டே ஒப்பாரி மெட்டு. இரண்டாவது சரணத்திலேயே முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த கிழவிகள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அப்பத்தா எழுந்து நேராக என்னிடம் வந்து, “ஏப்பா மைக்செட்டு, அந்தப் புள்ள என்ன பாடுதுன்னே வெளங்கல, அந்தப் பொட்டிய நிப்பாட்டு” என்றார். பொட்டி என்றால் கீபோர்டு. நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெரியவர்கள் பக்கமிருந்து சத்தம், இளவட்டங்கள் பக்கமிருந்து பதில் சத்தம், ஒரு சோடா பாட்டில் மேடையில் விழுந்து உருண்டது. அந்தப் பெண் மைக்கைப் பிடித்தபடியே அழுதுவிட்டது. கச்சேரி அத்தோடு நின்றது.

மறுநாள் டீக்கடையில் பேச்சு என்ன? பெருசுகளுக்குப் புதுசு பிடிக்கவில்லை, கீபோர்டைக் கண்டால் ஆகவில்லை. பெரியவர்கள் பக்கம் என்ன பேச்சு? நம்ம பாட்டை மேற்கத்திய வாத்தியம் கெடுத்துவிட்டது. ஆர்மோனியமும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பெட்டிதான், ஒரு காலத்தில் அகில இந்திய வானொலியே நமக்கு ஆகாது என்று அதை 1940-லிருந்து முப்பது வருஷம் ஒதுக்கிவைத்திருந்தது என்று அவர்களிடம் யார் சொல்வது? எனக்கே அப்போது தெரியாது. அந்த ஊரில் ரொம்ப வருஷத்துக்கு அது பழசுக்கும் புதுசுக்கும் நடந்த சண்டை என்றே பேசப்பட்டது.

நடந்தது இதுதான். என்னிடம் இருந்தது நாலு மைக் போடுகிற ஆம்ப்ளிஃபயர் ஒன்று. கீபோர்டு ஒயரை ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் டேப்ரெக்கார்டர் சொருகுகிற துளையில் கொடுக்கணும். அந்தத் துளையில் இடைவேளைப் பாட்டுக்காக டேப் சொருகியிருந்தேன், எடுக்கச் சோம்பல்பட்டு கீபோர்டை மைக் துளையில் சொருகிவிட்டேன். மைக்கிலிருந்து வருகிற மின்சாரம் கொசு மாதிரி, கீபோர்டிலிருந்து வருவது காளை மாதிரி. இரண்டும் ஒரே வாசலில் நுழைந்தால் ஆம்ப்ளிஃபயர் திணறிப்போகும், திணறினால் பாட்டும் சேர்ந்துதான் சிதறும். போதாததற்கு அந்த வருஷம் புதுசாகப் பெட்டி ஸ்பீக்கர் வாங்கியிருந்தேன், குழாய் ஸ்பீக்கரை விட்டுவிட்டு வந்தேன். குழாய்க்கு பேஸ் வராது, அதைக் கேட்டால் இன்றைக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் மனுஷக் குரல் எந்த அளவில் இருக்கிறதோ அதை மட்டும் வாங்கி, மூன்று வயல் தாண்டி ஒப்பாரியில் ஒரு எழுத்து விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த அப்பத்தா சொன்னது முழுக்க முழுக்கச் சரி. அவருக்கு கீபோர்டு மேல் ஒரு பகையும் இல்லை, பாட்டு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் படத்தில் நியூபோர்ட் காட்சி வந்தபோது நான் டிலனைப் பார்க்கவில்லை, காதை மட்டும் வைத்துக் கேட்டேன். நடிகர் தானே பாடி, தானே வாசித்திருக்கிறார், குறை சொல்ல முடியாது. ஆனால் படத்தில் ஒவ்வொரு சொல்லும் பளிச்சென்று கேட்கிறது. டிரம்ஸ் தனியாக, ஆர்கன் தனியாக, குரல் எல்லாவற்றுக்கும் மேலே. இவ்வளவு சுத்தமாகக் கேட்கிற பாட்டுக்கு ஒருவன் கத்தினால் அவன் மடையனாகத்தான் தெரிவான். உங்கள் மூன்றாவது கடிதக்காரருக்கு அப்படித் தெரிந்தது அவர் தப்பில்லை. கத்தினவர்கள் கேட்ட மாதிரியே, ஒரு அரை நிமிஷம், முன்வரிசையிலிருந்து கிடார் மட்டும் இரைந்து வார்த்தை மூழ்கிப்போகிற மாதிரி அந்தக் காட்சியை எடுத்திருக்கலாம். தியேட்டரில் நம்மாட்களே சவுண்டு என்று கத்தியிருப்பார்கள்.

என் பையன் கோயம்புத்தூரில் இருக்கிறான், அவன் கட்டுகிற ஓடிடி கணக்கில்தான் படம் பார்த்தேன், போனமாதம் அவன் வந்திருந்தபோது இரண்டாம் தடவை சேர்ந்து பார்த்தோம். காட்சி முடிந்ததும் 1993 கதையை முதல்முறையாக அவனிடம் சொன்னேன். அந்தப் பெண் அப்புறம் அந்த ஊர்ப் பக்கம் வரவே இல்லை, கமிட்டியும் மறுவருஷமே நாடகத்துக்குத் திரும்பிவிட்டது என்றேன். ஏம்ப்பா அப்பவே எழுந்து சொல்லியிருக்கலாமே என்றான். சொல்லியிருக்கலாம். ஆனால் மறுவருஷ நாடகத்துக்கும் மைக்செட் நான்தான், அட்வான்ஸ் அன்றைக்குக் காலையிலேயே வாங்கியிருந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மைக்செட்காரன்,
காரைக்குடி