பழுது ட்யூனரில் இல்லை: பழனி மலைக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்குத் திறந்த மடல்

கொடைக்கானல் வட்டாரப் பள்ளி, கல்லூரிகளின் கணினி ஆய்வகங்களைப் பார்த்துக்கொள்வோர்க்கு வணக்கம்.

மென்பொருள் வானொலிக்கென்று (அலைகளைக் கணினி மென்பொருளே பிரித்தெடுக்கும் வானொலி) வாங்கிய யுஎஸ்பி ட்யூனரை ‘லினக்ஸில் ஓடாது’ என்று அலமாரியில் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெரும்பாலும் ட்யூனரில் கோளாறே இருக்காது. சரிசெய்ய ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) கடவுச்சொல் வேண்டும். அது மாணவர்களிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல் உங்கள் பெயருக்கு.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து. பேரெழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறோம்.

ட்யூனரைச் செருகி ‘எல்எஸ்யுஎஸ்பி’ அடியுங்கள். 0பிடிஏ:2838 என்ற அடையாளம் வந்தால் வன்பொருளுக்கு உயிர் இருக்கிறது. அடுத்து ‘ஆர்டிஎல்_டெஸ்ட்’. அது ‘யுஎஸ்பி_க்ளெய்ம்_இன்டர்ஃபேஸ் எரர் -6’ என்று நின்றுவிட்டால், ட்யூனரை வேறு யாரோ முன்பே பிடித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். சில சமயம் அது மூடாமல் விட்ட இன்னொரு வானொலிச் செயலி. மற்றபடி கெர்னல்தான், அதாவது லினக்ஸின் மையப்பகுதி. ரியல்டெக்கின் ஆர்டிஎல்2832யு சில்லு டிவிபி-டி என்ற தரைவழி டிஜிட்டல் தொலைக்காட்சி முறைக்காகச் செய்தது. கச்சா ஐ/க்யூ மாதிரிகளை (வானொலி அலையை எண்களாக்கிய தரவு) அதிலிருந்து உருவலாம் என்பது 2012இல்தான் பரவலாகத் தெரிந்தது. கெர்னலுக்கு அது இன்றும் டிவி. செருகிய உடனே டிவி டிரைவரை ஏற்றிவிடும்.

அந்த டிரைவரைத் தடுங்கள். ஈடிசி அடைவுக்குள் மோட்ப்ரோப்.டி என்ற அடைவில் ஒரு கோப்பு. அதில் ஒரே வரி: ‘ப்ளாக்லிஸ்ட் டிவிபி_யுஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யு’. கோப்பின் பெயர் ‘.கான்ஃப்’ என்று முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தக் கோப்பை யாரும் திறந்தே பார்க்க மாட்டார்கள், பிழைச்செய்தியும் வராது. இந்த வரி இனிமேல் ஏறாமல்தான் தடுக்கும். ஏற்கெனவே ஏறியதை ‘மோட்ப்ரோப் -ஆர்’ போட்டு இறக்குங்கள். டிவி போய்விடுமே என்ற கவலை வேண்டாம். தூர்தர்ஷன் தரைவழி டிஜிட்டலுக்கு எடுத்துக்கொண்டது டிவிபி-டி2. இந்தச் சில்லுக்கு அது புரியாது.

எரர் -3 வந்தால் கதை வேறு: அனுமதி இல்லை. சூடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) போட்டால் ஓடும், மாணவர் கணக்கில் ஓடாது. தயவுசெய்து அதற்காக மாணவர்களுக்குச் சூடோ கொடுத்துவிடாதீர்கள். யுடெவ் (செருகும் சாதனங்களுக்கு அனுமதி வகுக்கும் லினக்ஸ் சேவை) விதியில் 0பிடிஏ, 2838 இரண்டையும் குறித்து, குழு ப்ளக்டெவ், மோட் 0660 என்று எழுதுங்கள். மாணவர் கணக்கை அந்தக் குழுவில் சேருங்கள். பிறகு ட்யூனரைக் கழற்றிச் செருக வேண்டும். மாணவரும் வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டுத்தான் பலர் விதியைத் திருத்தித் திருத்தி மாய்கிறார்கள்.

பிழை எதுவும் இல்லை, ஆனால் வெறும் இரைச்சல்தான் கேட்கிறது என்றால் ட்யூனர் எந்த வகை என்று பாருங்கள். 2023இல் வந்த ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4இல் இருப்பது ஆர்828டி என்ற ட்யூனர் சில்லு. பழைய லிப்ஆர்டிஎல்எஸ்டிஆர் நூலகத்துக்கு அதைச் சரியாக ஓட்டத் தெரியாது. புதியதை மூலநிரலிலிருந்து கட்டி நிறுவுங்கள், ஆனால் முதலில் பழைய பொதியை நீக்குங்கள். இரண்டும் கிடந்தால் செயலி எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. செயலி எந்த நூலகத்தை எடுக்கிறது என்று ‘எல்டிடி’ கட்டளை காட்டிக்கொடுக்கும்.

ஒரு தொல்லை நம் மலைக்கே உரியது. கோடைப் பண்பலையின் 10 கிலோவாட் ஒலிபரப்பி நம் தலைமேலேயே இருக்கிறது. சமவெளி மாவட்டங்களுக்கு அது வரம். ஊருக்குள் எட்டு பிட் ட்யூனருக்கு அது அடி. கெயினை (அலையைப் பெருக்கும் அளவு) ஏற்றி வைத்தால் ட்யூனரின் முன்முனை திணறி, நிலையமே இல்லாத அலைவரிசைகளிலும் அதே பாட்டு கேட்கும். இதை டிரைவர் கோளாறு என்று எண்ணி மறுபடி நிறுவுவதில் பயனில்லை. தானியங்கிக் கெயினை நம்பாமல் 7.7இல் தொடங்குங்கள். பேய் நிலையங்கள் மறையாவிட்டால் 2.7.

கடைசிச் சோதனை, மாணவர் கணக்கிலிருந்து: ‘ஆர்டிஎல்_எஃப்எம் -எஃப் 100.5எம் -எம் டபிள்யூபிஎஃப்எம் -ஜி 7.7 | ஏப்ளே -ஆர் 32000 -எஃப் எஸ்16_எல்இ’. இதில் ‘100.5எம்’, ‘-எம்’ என்ற எம் இரண்டும், எஸ்16_எல்இயில் எஸ், எல், இ மூன்றும் பேரெழுத்து. கோடைப் பண்பலை தெளிவாகக் கேட்டால், அந்தக் கணினியின் வட்டைப் படியெடுத்து மற்ற கணினிகளிலும் ஏற்றுங்கள். அலமாரியில் கிடப்பவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கொடைக்கானல் லினக்ஸ் பயனர்கள் சிலர்